நூலாசிரியர் தொகுத்ததும் பதிப்பகம் தொகுத்ததும்: புதுமைப்பித்தன் கதைகளின் பதிப்பு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

புதுமைப்பித்தன் (1906–1948) தம் வாழ்நாளில் நூலாக்கிய கதைகளும், அவர் மறைவுக்குப் பின் பதிப்பகங்கள் பழைய இதழ்களிலிருந்து திரட்டி நூலாக்கிய கதைகளும் இன்று ஒரே வரிசையில், ஒரே தகுதியுடன் வாசிக்கப்படுகின்றன. இவ்விரு வகைகளுக்கும் இடையிலான வேறுபாடு பதிப்பகங்களோடு அவர் கொண்டிருந்த உறவின் விளைவு என்பதையும், அவர்மீது சுமத்தப்பட்ட இலக்கியத் திருட்டு வழக்கின் பெரும்பகுதி இவ்வேறுபாடு மறைந்ததால் வலுப்பெற்றது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. கதைகளை மேற்கோள் காட்டும் ஆய்வாளர் கடைப்பிடிக்கத்தக்க நெறி ஒன்றையும் முன்மொழிகிறது.

திறவுச்சொற்கள்: புதுமைப்பித்தன், நவயுகப் பிரசுராலயம், ஸ்டார் பிரசுரம், மணிக்கொடி, தழுவல், பதிப்பு வரலாறு, திருநெல்வேலி

1. முன்னுரை

நவீனத் தமிழ்ச் சிறுகதையைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கதையிலிருந்து தொடங்கிக் கதையிலேயே முடிகின்றன. அக்கதை எந்த இதழில் வந்தது, யார் அதை நூலாக்கினார், ஆசிரியர் அப்போது உயிரோடிருந்தாரா என்னும் வினாக்கள் நூலடைவில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகின்றன. பழந்தமிழ் நூல்களைப் பொறுத்தவரை சுவடி வேறுபாடும் பாட வேறுபாடும் ஆய்வின் அடிப்படை என்று ஒப்புக்கொள்ளும் நாம், இருபதாம் நூற்றாண்டு எழுத்தாளரின் அச்சிட்ட பக்கத்தை ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறோம். அச்சில் வந்தது ஆசிரியரின் விருப்பப்படியே வந்தது என்பது நம் எடுகோள். புதுமைப்பித்தனின் பதிப்பு வரலாறு இந்த எடுகோளை மறுக்கிறது.

2. புரவலரும் பங்குதாரரும்

திருநெல்வேலிச் சந்திப்புக்கு வடக்கே உள்ள தச்சநல்லூர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழகிய சொக்கநாத பிள்ளையைத் தந்த ஊர். காந்திமதியம்மை பிள்ளைத்தமிழைப் பாடிய அவரை இராசவல்லிபுரம் முத்துசாமிப் பிள்ளை ஆதரித்தார். புலவருக்கும் அவர் நூலுக்கும் இடையே நின்றவர் புரவலர். நூலை விலைகொடுத்து வாங்குபவர் அந்த உறவில் இன்றியமையாதவர் அல்லர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வமைப்பு மாறியது. 1920இல் திருநெல்வேலியில் தோன்றிய தென்னிந்திய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் பங்கு முதலீட்டில் அமைந்த நிறுவனம். திருவரங்கம் பிள்ளையும் வ. சுப்பையா பிள்ளையும் வளர்த்தெடுத்த அந்நிறுவனம் சங்க நூல்கள், சைவ நூல்கள், பாடநூல்கள் ஆகியவற்றின் வழியே நிலைபெற்றது. பள்ளி, கல்லூரி, மடம், தமிழ்ச் சங்கம் எனத் தொடர்ந்து வாங்கும் நிறுவனங்கள் அந்நூல்களுக்கு இருந்தன. புலவரின் இடத்தில் பதிப்பாசிரியரும், புரவலரின் இடத்தில் பங்குதாரரும் வந்து நின்றனர்.

தச்சநல்லூரிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத வண்ணார்பேட்டையில் வாழ்ந்து, திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்து 1931இல் பட்டம் பெற்ற சொ. விருத்தாசலத்திற்கு இந்த ஏற்பாட்டில் இடமில்லை. சிறுகதைக்குப் பாடத்திட்டமும் மடமும் துணை நிற்கவில்லை. அதற்கு இருந்த ஒரே களம் இதழ், இதழ்களோ சென்னையில் இருந்தன. தாமிரபரணிக் கரையின் பேச்சும் மனிதரும் நிறைந்த கதைகள் சென்னையின் இதழ் அலுவலகங்களில் எழுதப்பட்டமைக்கு இது முதன்மையான காரணம். சென்னையில் பிழைக்கும் திருநெல்வேலிக்காரர் அவர் கதைகளில் மீண்டும் மீண்டும் வருவதும் இப்பின்னணியில் நோக்கத்தக்கது.

3. இதழிலிருந்து நூலுக்கு: நவயுகப் பிரசுராலயம்

கு. சீனிவாசன், வ. ரா., டி. எஸ். சொக்கலிங்கம் ஆகியோரின் முயற்சியால் 1933 செப்டம்பரில் தொடங்கிய மணிக்கொடி முதலில் அரசியலும் இலக்கியமும் கலந்த வார இதழ். 1935இல் பி. எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கான இதழாக மாறியது. புதுமைப்பித்தனின் கதைகள் 1934 முதல் அதில் வெளிவந்தன. அதே ஆண்டுகளில் அவர் ஊழியன் இதழிலும், பின்னர் தினமணியிலும் பணியாற்றினார். கதை எழுதுவது அவருக்கு வருவாய் தரவில்லை. நாளிதழ் வேலையே குடும்பத்தைத் தாங்கியது.

மணிக்கொடி பொருள் நெருக்கடியிலேயே நடந்த இதழ். இதழை நிலைநிறுத்தவும் நூல்கள் வெளியிடவும் அவ்வட்டத்தினரின் முயற்சியில் உருவானது நவயுகப் பிரசுராலயம். 1938இல் ராமையா மணிக்கொடியிலிருந்து விலகினார், ப. ராமஸ்வாமி பொறுப்பேற்றார், சிறிது காலத்தில் இதழ் நின்றது. இதழ் நின்ற பின்னரும் பிரசுராலயம் நூல் வெளியீட்டைத் தொடர்ந்தது. 1940இல் ‘புதுமைப்பித்தன் கதைகள்’ என்னும் முதல் தொகுதி ரா. ஸ்ரீ. தேசிகனின் முன்னுரையுடன் அங்கிருந்து வெளிவந்தது.

இத்தொகுதியின் சிறப்பை மூன்று நிலைகளில் காணலாம். முதலாவது, இதை வெளியிட்டது எழுத்தாளர் வட்டத்திலிருந்தே பிறந்த பதிப்பகம். கதைகளை முதலில் படித்தவர்களும் அச்சிட்டவர்களும் நூலாக்கியவர்களும் ஏறத்தாழ ஒரே குழுவினர். இரண்டாவது, ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரின் முன்னுரை, நாள்தோறும் படித்துக் கழித்துவிடும் இதழ்க் கதையை இலக்கியம் என்னும் தகுதிக்கு உயர்த்தும் முயற்சி. பழைய நூல்களுக்குச் சாற்றுக்கவி செய்த பணியை இங்கே முன்னுரை செய்தது. மூன்றாவதும் முதன்மையானதுமான செய்தி, இது ஆசிரியர் உயிரோடிருந்தபோது அவர் அறிய நிகழ்ந்த தேர்வு. அதுவரை அவர் எழுதியிருந்த அனைத்தும் நூலில் இடம்பெறவில்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்னும் முடிவு அங்கே எடுக்கப்பட்டிருக்கிறது.

சிறுகதைத் தொகுதியை மட்டும் நம்பி அக்காலப் பதிப்பகம் நடக்க இயலாது என்பதையும் கருத வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டிப் புதுமைப்பித்தன் எழுதிய நூல்களுள் முசோலினியைப் பற்றிய ‘பேஸிஸ்ட் ஜடாமுனி’யும் ஹிட்லரைப் பற்றிய ‘கப்சிப் தர்பா’ரும் உள்ளன. உலகக் கதைகளின் மொழிபெயர்ப்புகளும் வெளிவந்தன. போர்ச் செய்தியில் ஆர்வம் கொண்ட வாசகருக்கான நூலும் அதே கை எழுதிய சிறுகதையும் ஒரே சந்தையில் நின்றன. நவீன எழுத்தாளர் பதிப்புலகிற்குத் தேவைப்பட்டது கதைஞராக மட்டுமன்று. மொழிபெயர்ப்பாளராகவும் வரலாறு எழுதுபவராகவும் பயன்படும் தொழிலாளராகவும் ஆகும்.

4. பல பதிப்பகங்கள், ஓர் ஆசிரியர்

நவயுகத்தோடு புதுமைப்பித்தனின் நூல் உறவு நின்றுவிடவில்லை. ‘காஞ்சனை’ தொகுதி 1943இல் கலைமகள் காரியாலய வெளியீடாகவும், ‘ஆண்மை’ 1947இல் தமிழ்ச்சுடர் நிலைய வெளியீடாகவும் வந்தன. இவற்றுள் ‘காஞ்சனை’ தனித்துக் கருதத்தக்கது. அவருடைய முதிர்ந்த கதைகள் பல 1940களின் முற்பகுதியில் கலைமகள் இதழில் வெளியானவை. எனவே இதழுக்கும் நூலுக்கும் இடையே காலமும் குறைவு, இடைநின்றவர்களும் குறைவு. அத்தொகுதிக்கு வேறொருவரின் முன்னுரையை நாடாமல் ‘எச்சரிக்கை!’ என்னும் தலைப்பில் தாமே முன்னுரை எழுதினார். 1940இல் பேராசிரியரின் பரிந்துரையோடு வெளிவந்த ஆசிரியர் மூன்றே ஆண்டுகளில் வாசகரையும் விமர்சகரையும் நேரே எதிர்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார்.

தமிழ் நவீனத்துவரில் அனைவருக்கும் இந்த வாய்ப்பு அமையவில்லை. மௌனி 1936 முதல் மணிக்கொடியில் எழுதினார். அவருடைய முதல் தொகுதியான ‘அழியாச்சுடர்’ வெளிவந்தது 1959இல். இருபதாண்டுக்கும் மேற்பட்ட அந்த இடைவெளியில் அவர் கதைகள் பழைய இதழ்களைப் பாதுகாத்த சிலரின் பெட்டிகளில் மட்டுமே இருந்தன. அவரோடு ஒப்பிட, 1940க்கும் 1947க்கும் இடையில் பல தொகுதிகளைக் கண்ட புதுமைப்பித்தன் நற்பேறுடையவர். ஆனால் ஒரே பதிப்பகம் அவருடைய எழுத்து முழுவதையும் பேணவில்லை. ஒவ்வொரு தொகுதியும் அவ்வப்போது கிடைத்த வாய்ப்பில் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தது. அதன் விளைவு அவர் மறைவுக்குப் பின் வெளிப்பட்டது.

இங்கே உரிமைச் சட்டத்தின் நிலையையும் குறிப்பிட வேண்டும். அக்காலத்தில் நடைமுறையிலிருந்தது 1914ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம். அதன்படி ஆசிரியரின் உரிமை வாழ்நாளோடும் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகளோடும் நீடிக்கும். பணியிலிருக்கும் ஒருவர் வேலையின் பகுதியாக இதழுக்கு எழுதியதன் உரிமை, மாறான உடன்பாடு இல்லாவிடில், நிறுவனத்தைச் சேரும். எனினும் இதழின் பகுதியாக அன்றி வேறு வகையில் வெளியிடுவதைத் தடுக்கும் உரிமை எழுதியவரிடம் இருக்கும். அதாவது, நூலாகும் தருணத்தில் ஆசிரியரின் சொல்லுக்குச் சட்டம் இடமளித்தது. ஆசிரியர் மறைந்த பின் அந்தச் சொல்லை யார் சொல்வது என்பதே வினா.

5. மறைவுக்குப் பின்: ஸ்டார் பிரசுரம்

1943இல் தினமணியை விட்டு வெளியேறிய புதுமைப்பித்தன், டி. எஸ். சொக்கலிங்கத்தின் தினசரியில் சில காலம் பணியாற்றி, பின் திரைத்துறைக்குச் சென்றார். ‘ராஜமுக்தி’ படத்திற்கான பணியில் புனே சென்றிருந்தபோது காசநோய் முற்றியது. 1948இல் திருவனந்தபுரத்தில் காலமானார். பல இதழ்களில், பல புனைபெயர்களில் சிதறிக் கிடந்த எழுத்தை ஒழுங்குபடுத்திவைக்க அவருக்குக் காலம் கிட்டவில்லை. சொ. வி., ரசமட்டம், கூத்தன், நந்தன், வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை எனப் பெயர்கள் மாறியதால் எது அவருடையது என்று அறிவதே தனிப் பணியாயிற்று.

அப்பணியை முதலில் ஏற்றவர் திருநெல்வேலிக்காரரான தொ. மு. சி. ரகுநாதன் (1923–2001). 1951இல் ‘புதுமைப்பித்தன் வரலாறு’ எழுதினார், கவிதைகளைத் தொகுத்தார். 1954இன் இறுதியில் திருநெல்வேலியிலிருந்து ‘சாந்தி’ இதழைத் தொடங்கிப் புதிய எழுத்தாளர்களுக்கு இடமளித்தார். ஊர்ப் பற்றும் இலக்கிய நம்பிக்கையும் நட்பும் கலந்த உழைப்பு அது. அக்காலத்தில் புதுமைப்பித்தன் நூல்களை வெளியிட்ட முதன்மைப் பதிப்பகம் கண. இராமநாதன் நடத்திய ஸ்டார் பிரசுரம். மௌனியின் முதல் தொகுதியும் அதே பதிப்பகத்தின் வெளியீடே. மணிக்கொடித் தலைமுறையின் எழுத்து 1950களின் வாசகரைச் சென்றடைந்ததில் இப்பதிப்பகத்தின் பங்கு பெரிது.

இதன் நோக்கத்தில் குறை காண இடமில்லை. மறைந்த ஆசிரியரின் ஒரு வரியும் அழிந்துவிடக் கூடாது என்னும் ஆர்வம் ஒருபுறம். குடும்பத்திற்கு நூல் வழியாக வருவாய் வர வேண்டும் என்னும் தேவை மறுபுறம். எனவே பழைய இதழ்களில் கிடைத்தவை எல்லாம் ‘புதிய ஒளி’ முதலிய தொகுதிகளாகத் திரண்டன. நவயுகத்தின் தேர்வு ‘எவை நூலாகத் தக்கவை’ என்னும் வினாவிலிருந்து பிறந்தது. 1950களின் தொகுப்பு ‘எவை இன்னும் நூலாகவில்லை’ என்னும் வினாவிலிருந்து பிறந்தது. இரண்டும் வெவ்வேறு வினாக்கள். ஆனால் இரண்டுக்கும் கிடைத்த விடைகள் ஒரே ஆசிரியர் பெயரில், ஒரே வகை நூல்களாக வாசகர் கைக்கு வந்தன.

6. தழுவல் வழக்கு

இவ்வேறுபாடு மறைந்ததன் விளைவைத் தழுவல் பற்றிய வழக்கில் தெளிவாகக் காணலாம். புதுமைப்பித்தன் மாப்பசான் கதைகளைத் தழுவித் தம் கதைகளாக வெளியிட்டார் என்பது அவர்மீதான நெடுநாள் குற்றச்சாட்டு. ‘சமாதி’, ‘நொண்டி’, ‘பயம்’, ‘கொலைகாரன் கை’, ‘நல்ல வேலைக்காரன்’, ‘அந்த முட்டாள் வேணு’ ஆகியவை தழுவல்கள் என்பதை ரகுநாதனே ஒப்புக்கொண்டார். இவை ஆசிரியர் மறைவுக்குப் பின் நூலாக்கப்பட்டவை. ‘தமிழ் படித்த பெண்டாட்டி’ மாப்பசானைச் சார்ந்தது என்பதைப் புதுமைப்பித்தன் தாமே ஏற்றிருந்தார்.

அவருடைய சொந்த நிலைப்பாட்டோடு இதை ஒப்பிட வேண்டும். மணிக்கொடியில் 1937இல் நடந்த விவாதத்தில் தழுவலை எதிர்த்து, மூலத்தின் பெயர்களையும் சூழலையும் மாற்றாத மொழிபெயர்ப்பையே அவர் வலியுறுத்தினார். பின்னர் ரசமட்டம் என்னும் பெயரில் கல்கியின் எழுத்திலுள்ள தழுவல்களைக் கடுமையாகச் சாடினார். பிறர் தழுவலைச் சாடியவர் தம் தழுவல்களைத் தம் நூல்களில் சேர்க்காமல் விட்டது தற்செயலன்று என்று கருத இடமுண்டு.

ஆயினும் இவ்வாதத்தை அதன் எல்லைக்கு அப்பால் கொண்டு செல்லலாகாது. இதழில் முதன்முதல் வெளியானபோது மூலம் குறிக்கப்படாத இடங்களில் அக்குறை ஆசிரியரையே சாரும். பதிப்பகத்தின்மேல் அதை ஏற்றுவது முறையாகாது. மேலும், நூலில் சேராத எல்லாவற்றையும் ஆசிரியர் விலக்கினார் என்று கொள்வதும் தவறு. இதழ் கிடைக்காமை, பக்க வரம்பு, பதிப்பாளர் விருப்பம் எனப் பிற காரணங்களும் இருக்கக்கூடும்.

இந்த இரண்டாம் எச்சரிக்கைக்கு வலுவான சான்று உண்டு. ‘டாக்டர் சம்பத்’, ‘நானே கொன்றேன்’, ‘யார் குற்றவாளி?’, ‘தேக்கங் கன்றுகள்’ ஆகிய கதைகளும் தழுவல்களாக இருக்கலாம் என்று ஐயுறப்பட்டன. இவை தழுவல்கள் அல்ல, சொந்தக் கதைகளே என்பதை ம. வேதசகாயகுமாரும் ஆ. இரா. வேங்கடாசலபதியும் நிறுவினர். ஆக, மூலக் குறிப்பும் இதழ்க் குறிப்பும் இல்லாத தொகுப்பு இருமுனைப் பிழைக்கு இடம் தந்தது: தழுவல் சொந்தக் கதையாக நின்றது, சொந்தக் கதை தழுவலாக ஐயுறப்பட்டது. இரண்டையும் தடுத்திருக்கக் கூடியது ஒவ்வொரு கதையின் கீழும் அச்சிட்ட ஒரு வரிக் குறிப்பு மட்டுமே.

7. செம்பதிப்பும் நாட்டுடைமையும்

1980களில் ஐந்திணைப் பதிப்பகம் புதுமைப்பித்தன் படைப்புகளைப் பெருந்தொகுதிகளாக்கியது. அடுத்த கட்டமாக, வேங்கடாசலபதியின் பதிப்பில் காலச்சுவடு வெளியிட்ட ‘அன்னை இட்ட தீ’ (1998) அதுவரை நூலாகாத எழுத்துகளைத் தந்தது. அவரே பதிப்பித்த ‘புதுமைப்பித்தன் கதைகள்’ (2000) கதைகளைக் கால வரிசையில் அமைத்து, முதலில் வெளியான இதழ் விவரத்தையும் பாட வேறுபாடுகளையும் தந்தது. உ. வே. சாமிநாதையர் பழைய நூல்களுக்குச் செய்ததை நிகர்த்த நெறி நவீன எழுத்துக்கும் தேவை என்பதை இப்பதிப்பு செயலில் காட்டியது.

2002இல் தமிழக அரசு புதுமைப்பித்தன் படைப்புகளை நாட்டுடைமையாக்கியது. நாட்டுடைமையின் பயனுக்குப் பாரதியே முன்னுதாரணம். 1949இல் பாரதியின் உரிமையை அரசு பெற்றது. பின்னர் 1957இல் வை. கோவிந்தனின் சக்தி காரியாலயம் பாரதி கவிதைகளை ஒன்றரை ரூபாய் விலையில் தர முடிந்தது. உரிமை பொதுவானால் விலை குறையும், வாசகர் பெருகுவர். புதுமைப்பித்தன் நூல்களும் இன்று பல பதிப்பகங்களில் கிடைக்கின்றன.

ஆனால் பொதுவாவது உரிமை. பாடத்தின் திருத்தம் அன்று. எந்தப் பதிப்பை மூலமாகக் கொண்டோம் என்று கூறாமல், இதழ்க் குறிப்பின்றி அச்சிடும் எந்த மலிவுப் பதிப்பும் 1950களின் நிலைக்கே கதையைத் திருப்பி அனுப்புகிறது. கல்லூரி மாணவர் கையில் பெரும்பாலும் சேர்வது விலை குறைந்த அத்தகைய பதிப்பே. பட்ட ஆய்வேடு எழுதுவோர் அதனையே முதன்மைச் சான்றாகக் கொண்டு, தொகுதியின் வரிசையைக் காலவரிசையாகக் கருதிவிட்டால், ‘தொடக்ககாலக் கதைகள்’, ‘பிற்காலக் கதைகள்’ என்று அவர்கள் வகுக்கும் வளர்ச்சிக் கோடு ஆசிரியருடையதாக இராது. அச்சுக் கோத்தவருடையதாகவே இருக்கும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. புதுமைப்பித்தன் என்னும் ஆசிரியர் உருவம் அவர் எழுத்தால் மட்டும் அமைந்ததன்று. நவயுகத்தின் தேர்வும் ஸ்டாரின் திரட்டும் காலச்சுவட்டின் செம்பதிப்பும் அதை வெவ்வேறாக வனைந்தன. இரண்டாவதாக, எழுத்தாளர் வட்டத்திலிருந்து பிறந்த பதிப்பகத்தில் ஆசிரியரின் தேர்வுக்கு இடமிருந்தது. ஆசிரியருக்குப் பின் வந்த பதிப்பகத்தில் அவ்விடத்தைக் குறிப்புகள் நிரப்பியிருக்க வேண்டும், நிரப்பவில்லை. மூன்றாவதாக, தழுவல் வழக்கைப் புதுமைப்பித்தனின் நேர்மை பற்றிய வழக்காக மட்டும் பார்ப்பது போதாது. அது தமிழ்ப் பதிப்பு நெறி பற்றிய வழக்கும் ஆகும்.

ஆகவே, இனி ஒரு கதையை மேற்கோள் காட்டும்போது மூன்று விவரங்களையேனும் தருவது நன்று: முதலில் வெளியான இதழும் நாளும், முதலில் சேர்ந்த தொகுதியும் ஆண்டும், ஆய்வாளர் கையாண்ட பதிப்பு. இரண்டாவது விவரத்தின் ஆண்டு 1948க்கு முந்தியதா பிந்தியதா என்பதே பல முடிவுகளை மாற்றப் போதுமானது. இதே நெறியைக் கு. ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, மௌனி ஆகியோருக்கும் விரித்தால் மணிக்கொடிக் காலத்தின் பதிப்பு வரைபடம் ஒன்றை வரைய இயலும்.

தச்சநல்லூர்ப் புலவரின் நூலுக்குப் புரவலர் பெயர் சிறப்புப்பாயிரத்தில் நிலைத்தது. யார் ஆதரவில் எது பாடப்பட்டது என்பதை இன்றும் அறிய முடிகிறது. அவரை அடுத்துவந்த நூற்றாண்டில், அதே ஆற்றங்கரையில் வளர்ந்த புதுமைப்பித்தனின் கதைகளுக்கு அந்த அளவு குறிப்பும் பல பதிப்புகளில் இல்லை. அதைச் சேர்ப்பது பெரும்பொருள் வேண்டும் பணியன்று. பழைய இதழைத் தேடி எடுத்து, நாளைப் பார்த்து, ஒரு வரி எழுதும் பணி. அது பதிப்பாளருக்கும் ஆய்வாளருக்கும் பொதுவான கடமை.